மேளத்தை நிறுத்துகிற கை

தூத்துக்குடி மாவட்டம் ஏரலுக்குப் பக்கத்தில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சுடலைமாடன் கோயில். கொடைத் திருவிழாவின் நள்ளிரவுப் பூசையான சாமக்கொடை. மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. பீடத்துக்கு எதிரே பத்தடி தள்ளிக் காய்ந்த ஓலையைக் கொளுத்தி, அந்தச் சூட்டில் மகுடம் என்ற பறையைக் காட்டிக்கொண்டிருந்தார் கணியான் செட்டில், அதாவது கணியான் கூத்துக் குழுவில் ஒருவர். தோல் இறுகிவிட்டதா என்று விரலால் ஒரு தட்டு. காதைச் சாய்த்துக் கேட்பார். மறுபடியும் தீயில் காட்டுவார். பிறகு எழுந்து நின்று, அடிக்கத் தொடங்கும் முன் சாமியாடியான கோமரத்தாடியின் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். சிறு வயதில் அதைப் பக்தி என்று நினைத்திருந்தேன். பல கொடைகள் பார்த்த பிறகுதான் அது அவருடைய வேலை என்று புரிந்தது. சாமி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, இன்னும் ஏற்றலாமா, எங்கே தாழ்த்த வேண்டும் என்பதையெல்லாம் அவர் அந்த முகத்தில்தான் படிக்கிறார்.

அன்றைக்கு யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. கோமரத்தாடி ஆடிக்கொண்டிருக்கும்போதே, வேடிக்கை பார்த்து நின்ற கூட்டத்திலிருந்து ஒரு இளைஞன் உறுமினான். வெளியூரில் வேலை பார்த்துவிட்டுக் கொடைக்கு வந்தவன். அதற்கு முன் சாமி ஆடியவன் இல்லை. கண் செருகி, கைகள் முறுக்கி, எரிந்துகொண்டிருந்த பந்தத்தை நோக்கி நேரே பாய்ந்தான். குழந்தைகள் அலறின. மூன்றாவது அடி வைப்பதற்குள் இரண்டு பேர் பின்னாலிருந்து அவன் இடுப்பில் துண்டைப் போட்டுப் பிடித்துவிட்டார்கள். அவனைப் பின்னுக்கு இழுக்கவில்லை. அவன் போகிற பக்கமே கூட இரண்டடி போய், பிறகு மெல்லத் திருப்பினார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் கையை மட்டும் உயர்த்தி, "அண்ணாவி, கொஞ்சம் தாழ்த்தும்" என்றார். மகுடம் இறங்கியது. "வந்திருக்கது யாரு? பேரச் சொல்லு" என்று பெரியவர் அவனிடம் கேட்டார். நெற்றியில் திருநீறு விழுந்தது. அரை நிமிடத்தில் அவன் மணலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். மகுடம் மறுபடியும் ஏறியது.

அந்த அரை நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆட்களுக்கு முன்னால் நேரில் நடக்கும் எந்தக் கலையிலும் அபாயம் உண்டு. அடுத்த கணம் என்ன ஆகும் என்று ஆடுகிறவருக்கே தெரியாது. அதற்காகத்தான் சனங்கள் கண்விழித்து வந்து நிற்கிறார்கள். கொடையையும், கடல் கடந்த ஊர்களின் பங்க் ராக் அரங்குகளையும், நம் காலத்துக் கூட்ட நெரிசல் சாவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்துவந்ததில் எனக்கு ஒன்று தெளிவாகியிருக்கிறது. ஆட்டம் எவ்வளவு மூர்க்கமாக இருக்கிறது என்பது உயிர்களைத் தீர்மானிப்பதில்லை. மேளத்தை நிறுத்தத் தெரிந்த கை ஆட்டத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

*

தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் கொடை என்பது வெறும் கோயில் திருவிழா அல்ல. கால்நாட்டிய நாளிலிருந்தே ஊர் ஒரு ஒழுங்குக்குள் வந்துவிடும். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரிப்பார்கள். குடியழைப்பு, மதியக்கொடை, சாமக்கொடை என்று ஒவ்வொரு வேளைக்கும் ஒரு வேகம் உண்டு. இசக்கியம்மனுக்கும் முத்தாரம்மனுக்கும் வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், கரகம். சுடலைமாடனுக்குக் கணியான் கூத்து இருந்தால்தான் கொடை நிறைவு என்று கருதும் ஊர்கள் இந்தப் பக்கம் நிறைய.

கணியான் செட்டில் நின்றுகொண்டே பாடுகிறவர் அண்ணாவி. அவருக்குப் பின்பாட்டு ஒருவர், பெண் வேடமிட்டு ஆடுகிறவர்கள் இருவர், மகுடம் அடிக்கிறவர்கள் இருவர். மரச்சட்டத்தில் தோல் போர்த்திய இந்த வட்டப் பறைகளில் ஒன்று உச்சம், மற்றது மந்தம். அவற்றின் குரல் பெயரிலேயே இருக்கிறது. மேடை கிடையாது. ஆடுகிறவர்களின் சலங்கையும் பார்க்கிறவர்களின் கால்களும் ஒரே மணலில் இருக்கும். இடையில் கயிறுகூட இல்லை.

இந்த மணலில்தான் வெளியாட்கள் பார்த்துத் திகைக்கிற காரியங்கள் நடக்கின்றன. சாமக்கொடையில் கைவெட்டு என்று ஒரு சடங்கு உண்டு. காப்புக் கட்டிய கணியான் தன் கையைக் கீறி, சொட்டும் ரத்தத்தைச் சாமிக்குப் படைப்பார். நாக்கைக் கீறிக்கொள்வதும் உண்டு. கொதிக்கும் மஞ்சள் நீரில் பாளையை முக்கித் தன் உடம்பிலேயே அடித்துக்கொள்வார் கோமரத்தாடி. பிறகு வேட்டை. தீப்பந்தமும் வல்லயம் என்ற ஈட்டியுமாகச் சாமி சுடுகாட்டை நோக்கி ஓடும். திரளையாக உருட்டிய சோற்றை இருட்டுக்குள் வீசும். அந்த வழியில் யாரும் குறுக்கே வரக் கூடாது. ஊரே கதவடைத்து வழிவிடும்.

ரத்தம், தீ, ஆயுதம், இருட்டு, தன்னை மறந்த ஒரு ஆள். பாதுகாப்பு அதிகாரி ஒருவரிடம் இந்தப் பட்டியலைக் கொடுத்தால் அந்த இடத்திலேயே அனுமதி மறுத்துவிடுவார். ஆனால் ஒவ்வொன்றையும் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். கோமரத்தாடிக்குப் பின்னால் எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள். சாமி பிடிக்கிறவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். வல்லயம் யார் கையில் போகலாம் என்பது முன்பே முடிவானது. வேட்டைக்குப் போகும் பாதை ஊருக்கெல்லாம் தெரியும். புதிதாக யாருக்காவது அருள் வந்தால் பெயர் கேட்டு, சோதித்து, ஏற்றுக்கொள்வார்கள் அல்லது அமர்த்துவார்கள். எல்லாவற்றுக்கும் மேல், சாமியை வரவழைக்கிறவருக்குத்தான் அதை அனுப்பவும் தெரியும். "சாமி மலையேறிட்டு" என்று நாம் சொல்வோமே, அது தானாக நடப்பதில்லை. தாளம் இறங்கும், சூடம் காட்டுவார்கள், திருநீறு போடுவார்கள். ஏறுவதற்கு எவ்வளவு பக்குவம் வேண்டுமோ அவ்வளவு பக்குவம் இறங்கவும் வேண்டும் என்பது இந்தக் கலைக்காரர்களுக்கு அத்துப்படி.

எதிர்பாராதது எங்கே வரும் என்பதற்கும் ஒரு இடம் குறித்து வைத்திருக்கிறார்கள். முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்வோம். பேராசிரியர் நா. வானமாமலை 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் வழியாகப் பதிப்பித்த கதைப்பாடல்களில் அதுவும் ஒன்று. பிராமணனாகப் பிறந்தும் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்கள் இருவரை மணந்து, மாடு காக்கும் தொழில் ஏற்று, மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு வஞ்சகமாகக் கொல்லப்பட்டவன் முத்துப்பட்டன். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவனுக்கு இன்றும் செருப்பு காணிக்கை செலுத்துகிறார்கள். இப்படிக் கொலையுண்டு தெய்வமானவர்களின் கதையைப் பாடும்போதுதான் அருள் வருவது அதிகம் என்பதை, 1970களின் பிற்பகுதியில் தெற்கே வந்து வில்லுப்பாட்டைக் கேட்டு ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். கதை சாவை நெருங்கும், பாட்டு முறுகும், கேட்டுக்கொண்டிருப்பவரின் உடம்பு உதறும். வில்லுப்பாட்டுப் புலவருக்கு அந்த இடம் முன்கூட்டியே தெரியும். யாருக்கு வரும், எப்படி வரும் என்பது மட்டும்தான் தெரியாது. சாமி பிடிக்கிறவர்களும் அந்த இடம் வரும்போது வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து நின்றுவிடுவார்கள்.

*

பங்க் ராக் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கொடை ராத்திரிகள்தான் ஞாபகம் வரும். 1970களில் நியூயார்க்கிலும் லண்டனிலும் வேலையற்ற, சலித்துப்போன இளைஞர்களிடமிருந்து எழுந்த இசை அது. இரண்டு மூன்று நிமிடப் பாட்டுகள், மூன்றே மூன்று சுரக்கூட்டுகள், காது கிழிகிற வேகம். அரங்கு சின்னது, மேடை முழங்கால் உயரம். பாடகன் கூட்டத்துக்குள் குதிப்பான், கூட்டம் மேடைமேல் ஏறும். முன்வரிசையில் ஒருவரை ஒருவர் மோதி ஆடும் வெளிக்கு மோஷ் பிட் என்று பிற்பாடு பெயர் வந்தது.

அங்கே ஆபத்து பொய்யில்லை. 1974 பிப்ரவரியில் டெட்ராய்ட்டின் மிச்சிகன் பேலஸில் பாடகர் இக்கி பாப்பும் ஸ்டூஜஸ் குழுவும் பாடியபோது கூட்டம் பாட்டில்களையும் முட்டைகளையும் எறிந்தது. அவர் பதிலுக்கு வம்பிழுத்துக்கொண்டே பாடினார். அந்தச் சத்தம் ஒலித்தட்டாகவே வெளிவந்திருக்கிறது. 1976 செப்டம்பரில் லண்டனின் 100 கிளப்பில் நடந்த பங்க் விழாவில் யாரோ எறிந்த கண்ணாடி டம்ளர் தூணில் பட்டுச் சிதறி, ஒரு இளம்பெண்ணின் கண் போனது. அந்தப் பெண்ணின் கண்ணுக்கு எந்த இசையும் ஈடாகாது. ஆபத்தை அழகென்று கொண்டாடி எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

அந்த ஆண்டு டிசம்பரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு தொலைக்காட்சியில் கெட்ட வார்த்தை பேசியது. உடனே ஊர் ஊராக நகராட்சிகள் அவர்களுடைய பயணத்தைத் தடை செய்தன. திட்டமிட்ட நிகழ்ச்சிகளில் மிகச் சிலதான் நடந்தன. இங்கிலாந்தின் டெர்பி நகரில் மன்ற உறுப்பினர்கள், முதலில் எங்களுக்குத் தனியாக ஆடிக் காட்டுங்கள், பார்த்துவிட்டு அனுமதி தருகிறோம் என்றார்கள். குழு மறுத்துவிட்டது. ஆக, அரசாங்கம் கவனித்தது வார்த்தையை. கண்ணாடி டம்ளரை யாரும் தடை செய்யவில்லை. இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், நம் ஊருக்கு வரும்போது தேவைப்படும்.

பங்க் தனக்குள்ளேயே சில முறைகளை வளர்த்துக்கொண்டது. மோஷ் பிட்டில் ஒருவர் விழுந்தால் சுற்றி இருப்பவர்கள் ஆட்டத்தை விட்டுத் தூக்கிவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். வாஷிங்டனில் 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய ஃபுகாஸி குழு இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் பாடகர் இயன் மெக்கே கூட்டத்தில் யாராவது பிறரை அடிப்பதைப் பார்த்தால் பாட்டை அப்படியே நிறுத்திவிடுவார். அந்த ஆளைப் பெயர் சொல்லாமல் சுட்டிப் பேசுவார். கேட்கவில்லையென்றால் ஐந்து டாலர் டிக்கெட் காசைக் கையில் கொடுத்து வெளியே அனுப்புவார். மூர்க்கமான இசை, ஆனால் நிறுத்துகிற கை மேடையிலேயே இருந்தது. அந்தக் கைக்கு எதிரே நிற்பவர்களின் முகமும் தெரிந்தது. கணியான் செட்டுக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வேலை மட்டும் ஒன்று.

2013இல் கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சிலர் இதே போல் மோதி ஆடும் ஹெவி மெட்டல் இசை அரங்குகளின் காணொளிகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மோஷ் பிட்டில் உடல்கள் நகர்வது குடுவைக்குள் வாயு மூலக்கூறுகள் நகர்வதை ஒத்திருக்கிறது என்று கண்டார்கள். மூலக்கூறு மோதிவிட்டு விலகிப் போக இடம் இருந்தால்தான் அது வாயு. அந்த இடம் இல்லாமல் போகும்போது என்ன நடக்கும் என்பதை அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின் 1993இல் எழுதினார். ஒரு சதுர மீட்டரில் ஏழு பேர் அளவுக்கு நெருக்கம் வந்துவிட்டால் கூட்டம் ஏறக்குறைய திரவமாகிவிடும். பின்னால் ஒரு தள்ளு, முன்னால் அலையாக வந்து அடிக்கும். கால் தரையை விட்டு எழும்பும், செருப்பு கழன்று போகும். மிதிபட்டுச் சாவதைவிட நின்றபடியே நெஞ்சுக்கூடு விரிய இடமில்லாமல் மூச்சடைத்துச் சாவதே அதிகம். அந்த நிலையில் ஆட யாராலும் முடியாது. ஆட்டம் நின்றுபோன இடத்தில்தான் மரணம் வருகிறது.

*

1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டியில் தி ஹூ ராக் குழுவின் நிகழ்ச்சிக்குக் கதவு திறக்கக் காத்திருந்த கூட்டத்தில் 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு முன்பதிவு இருக்கை கிடையாது, முதலில் போனவருக்கு முன்னிடம். திறந்த கதவுகளோ மிகச் சில. உள்ளே இசைச் சோதனை கேட்டதும் நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். நிகழ்ச்சி முழுவதும் நடந்தது. மேடையிலிருந்து இறங்கிய பிறகுதான் குழுவினருக்கே செய்தி சொல்லப்பட்டது.

2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ராஸ்கில்டே விழாவில் பேர்ள் ஜாம் குழு பாடியபோது 9 பேர். பாடகர் விஷயம் தெரிந்ததும் பாட்டை நிறுத்தி, எல்லோரும் பின்னால் போங்கள் என்று கெஞ்சினார். செய்தி மேடைக்கு வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிட்டது. 2021 நவம்பர் 5 அன்று ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோவேர்ல்ட் விழாவில் 10 பேர். பலர் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று அதிகாரிகள் அறிவித்த பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் மேடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இந்த மூன்றும் பங்க் அரங்குகள் அல்ல. பெரிய மைதானம், பெரிய மேடை, பெரிய பணம் புழங்கிய இடங்கள். நிறுத்தத் தெரிந்த கை இருந்தது; அதற்குக் கண் இல்லாமல் போயிற்று.

நம் பக்கம் வருவோம். தூத்துக்குடிக்காரர்களுக்கு 1979 ஜூலை மறக்காது. லட்சுமி டூரிங் டாக்கீஸ் கொட்டகையில் தீப்பிடித்துப் பல பத்துப் பேர் மாண்டார்கள். திரையில் ஓடியது வெறும் சினிமா; அதில் அருளும் இல்லை, ஆயுதமும் இல்லை. 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கில் யாகசாலைப் பந்தல் தீயும் அதைத் தொடர்ந்த நெரிசலும் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயின. 2022 ஏப்ரல் 27 விடிகாலை தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர். 2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாட்டு நிகழ்ச்சி தொடங்கும் முன், திடீர் மழையில் ஒதுங்க ஒரே வாசல் வழியாக இறங்கியவர்களில் 4 பேர். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் கூட்டத்துக்கு மணிக்கணக்கில் காத்துநின்றவர்களில் 41 பேர். பெயர்களைச் சொல்லி யாரையும் குற்றம் சாட்டுவது இங்கே என் நோக்கமல்ல. இத்தனை சாவுகளில் எதற்கும் ஆட்டத்தின் மூர்க்கம் காரணமில்லை என்பதைத்தான் சொல்கிறேன். கூரை, கம்பி, வாசல், காத்திருப்பு, இவைதான் கொன்றிருக்கின்றன.

2024 பிப்ரவரி 9 அன்று யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடகர் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி நடந்தபோது, பின்னால் இலவசமாக நின்றவர்கள் தடுப்புகளைத் தாண்டி முன்னே வந்தார்கள்; நிகழ்ச்சி தடைபட்டது. நல்ல வேளையாக அது பெரும் சாவில் முடியவில்லை. அவர்களைக் கட்டுப்பாடில்லாத கூட்டம் என்று பலர் திட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வருடக்கணக்கில் பெரிய கச்சேரி பார்க்காத ஊர். மேடை எங்கோ தூரத்தில். நடுவில் காசு கொடுத்தவர்களின் நாற்காலி. முகம் தெரியாத கூட்டத்துக்கு மேடையிலிருந்து யார் என்ன சொல்லியும் கேட்காது.

*

கொடைக்கே இப்போது மேடை வந்துவிட்டது. வில்லும் கணியானும் ஒரு மூலையில் நடக்க, ஊர் நடுவே ஆறடி உயர மேடை, மலை போல் அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டி, கண்ணைப் பறிக்கும் விளக்கு. ஆடல் பாடல் நிகழ்ச்சி. இதற்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஒவ்வொரு கொடைக் காலத்திலும் மனுக்கள் போகின்றன. வழக்கமாக வரும் நிபந்தனைகள் எல்லோருக்கும் மனப்பாடம்: ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதியையோ கட்சியையோ தூக்கிப் பிடிக்கும் பாட்டும் பேனரும் கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும். சாதிப் பாட்டு பற்றிய நிபந்தனை மிக அவசியமானது. ஒரு பாட்டு ஒலித்ததற்காக வெட்டுக்குத்து வரை போன ராத்திரிகள் தென் மாவட்டத்தில் உண்டு. ஆனால் டெர்பி நகர்மன்றம் போலவே நாமும் வார்த்தையையும் உடையையும் அளந்து பார்ப்பதில் காட்டும் கண்டிப்பை வேறெதிலும் காட்டுவதில்லை. மேடைக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கலாம், ஜெனரேட்டர் எங்கே இருக்க வேண்டும், பெண்கள் நிற்கும் பக்கத்திலிருந்து வெளியேற வழி எது என்று ஊர்க் கமிட்டியிடம் யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை.

குலசேகரன்பட்டினம் தசரா இதில் வேறொரு பாடம். திருச்செந்தூரிலிருந்து 13 கிலோமீட்டர் தெற்கே, கடலோரம். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காளி, குறவன், குறத்தி, அனுமன், ராஜா என்று வேடம் கட்டி, ஊர் ஊராகத் தர்மம் எடுத்து, பத்தாம் நாள் சூரசம்ஹாரத்துக்கு லட்சக்கணக்கில் கடற்கரையில் கூடுவார்கள். ஏரல் வழியாகவும் தசரா குழுக்கள் டிரம் செட்டோடு போவதைப் பார்த்திருக்கிறேன். காளி வேடக்காரர் முகத்தில் வியர்வையும் சாயமும் கலந்து வழியும். அவருக்கு எந்த நிமிடமும் அருள் வரலாம். இவ்வளவு சூலம், இவ்வளவு வாள், இவ்வளவு அருள். இரும்பில் செய்த ஆயுதங்களைக் கொண்டுவரக் கூடாது, சாதி அடையாள ரிப்பனும் கொடியும் கூடாது என்று காவல்துறை ஆண்டுதோறும் அறிவிக்கிறது. ஆடுகிறவரின் சாமியை விட்டுவிட்டு அவர் கையிலிருக்கும் இரும்பை மட்டும் எடுத்துவிடுகிற இந்தக் கட்டுப்பாடு எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. அட்டைச் சூலத்துக்கும் அம்மன் வருவாள். ஆபத்து குறைவதற்குச் சூரசம்ஹாரம் நடக்கும் இடமும் ஒரு காரணம்: ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கங்களில் மணல்வெளி. கூட்டம் நெருங்கினால் விலகிப் போக இடம் இருக்கிறது.

மரபு என்றாலே காப்பாற்றிவிடும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2016 ஏப்ரல் 10 அன்று கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் கோயிலில் நூறு பேருக்கு மேல் செத்தது பழைய வழக்கமான வாணவேடிக்கைப் போட்டியில்தான். மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தும் அது நடந்தது. இரண்டு தரப்புக்கும் போட்டி என்று வந்துவிட்டால் நிறுத்துகிற கை கௌரவக் குறைவாகிவிடுகிறது. கொடைகளிலும் இதைக் காண்கிறேன். பக்கத்து ஊர்க் கொடையைவிடப் பெரிய பெட்டி, பெரிய மேடை என்று கமிட்டி இறங்கிவிட்டால் பெரியவரின் உயர்த்திய கை யார் கண்ணிலும் படாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரின் ஆபத்தை யார் உடம்பு சுமக்கிறது? கையைக் கீறிக்கொள்கிற கணியான், தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் உள்ள சிறு சமூகத்தைச் சேர்ந்தவர். ஊருக்காகச் சிந்தும் ரத்தத்துக்கு ஊர் கொடுக்கும் கூலி என்ன, மரியாதை என்ன? விடிய விடியத் தாளத்தைக் கையில் வைத்திருந்தவருக்கு விடிந்ததும் தனி இடத்தில் சாப்பாடு போட்ட ஊரை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அதைக் கேட்கும் தைரியம் இல்லை. கைவெட்டு வேண்டுமா வேண்டாமா என்பதை ஊர்க் கமிட்டியும் அதிகாரியும் தீர்மானிப்பதைவிட அவர் தீர்மானிப்பதே முறை. அவர் வேண்டாம் என்றால் சாமி கோபிக்காது. ஆடல் பாடல் மேடைக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை மகுடம் அடிக்கிறவருக்குக் கொடுத்தால், அவருடைய மகனும் அந்த முகம் பார்க்கும் வித்தையைக் கற்றுக்கொள்ள ஒரு காரணம் இருக்கும். இப்போது செட்டில் இளையவர்கள் குறைந்துவருகிறார்கள். அந்த வித்தை போய்விட்டால், சாமியை வரவழைக்க ஸ்பீக்கர் பெட்டி போதும். மலையேற்ற ஆள் இருக்காது.

ஏரலில் நாம் கும்பிடுகிற அருணாசல சுவாமி, ஊரின் சேர்மனாக இருந்து 1908 ஆடி அமாவாசையில் மறைந்தவர். சேர்மன் சாமி என்றே இன்றும் சொல்கிறோம். ஊர்ப் பொறுப்பைச் சரியாகப் பார்த்த ஒரு மனிதரைத் தெய்வமாக வைத்திருக்கும் ஊரில், கொடைக் கமிட்டியாரிடம் இதைக் கேட்பது தவறாகாது என்று நம்புகிறேன். அடுத்த கொடைக்குப் பந்தல்கால் நடும்போது பெட்டிகளையும் தடுப்புகளையும் எங்கே வைப்பது என்று முடிவு செய்வதற்கு முன், மகுடக்காரரைக் கூப்பிட்டு அவர் நிற்கும் இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். அங்கிருந்து கோமரத்தாடியின் முகம் தெரிகிறதா, முன்வரிசைக் குழந்தைகள் தெரிகிறார்களா, கையை உயர்த்தும் பெரியவர் தெரிகிறாரா என்று கேளுங்கள். தெரியவில்லை என்று அவர் சொன்னால், கம்பத்தைப் பிடுங்கி வேறு இடத்தில் நடுங்கள்.